வாலாஜா சாலையின் வடபக்கம்

சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் ஹவுஸுக்கு 1874-இல் கடைக்கால் தோண்டியபோது மெரினா என்று ஓர் இடமே கிடையாது. கடலோரத்தில் உலாவுவதற்குச் சாலை அமைத்து அதற்கு அந்தப் பெயரைச் சூட்டிய கவர்னர் கிராண்ட் டஃப் சென்னைக்கு வந்ததே 1881-இல்தான். சாலை உருவானது 1884-இல். துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல்லைக் கொட்டி அலைதடுப்புச் சுவர் எழுப்பும் வேலையும் 1870-களின் நடுவில்தான் தொடங்கியது. கரையோரமாக வடக்கு நோக்கி நகரும் மணலை அந்தச் சுவர் மறித்தது. தெற்கே மணல் சேர்ந்துகொண்டே வந்து இன்றைய அகன்ற கடற்கரை உண்டானது. பஸ்ஸை விட்டு இறங்கி மணலில் வெகுதூரம் நடந்து அலையைத் தொடுகிற நமக்கு இது எளிதில் தோன்றாது. கட்டியவர்களோ அலைக்கு மிக அருகில் நின்று கட்டினார்கள். உப்புக் காற்று ஓயாமல் அடிக்கும் இடத்தில் செங்கல்லையும் சுண்ணாம்பையும் நம்பி எழுப்பிய கட்டடம் இன்றும் நிமிர்ந்து நிற்கிறது. என்னைப் போன்ற ஒரு பொறியாளனுக்கு இதைவிடப் பெரிய செய்தி வேண்டியதில்லை.

நான் பொதுப்பணித் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பணிக்காலத்தின் பெரும்பகுதி சேப்பாக்கம் வளாகத்தில் கழிந்தது. வாலாஜா சாலைக்குத் தெற்கே எங்கள் அலுவலகம். வடக்கே, கடற்கரைச் சாலை முனையில், சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் ஹவுஸ். மதிப்பீடுகளும் அளவுப் புத்தகங்களும் மேசையில் குவிந்திருக்கும் நாள்களில் கண்ணுக்கு ஓய்வு தேவைப்பட்டால் அந்தக் கோபுரங்களைத்தான் பார்ப்பேன். அதன் வரலாற்றைத் தேடிப் படிக்க ஆரம்பித்ததும் அப்படித்தான். படிக்கப் படிக்க, அந்த வட்டாரத்தில் அதன் சுற்றிலும் உள்ள ஒவ்வொரு கட்டடத்தோடும் அது பேசிக்கொண்டிருப்பது புரிந்தது.

பல்கலைக்கழகம் பிறந்த கதையிலிருந்து தொடங்குகிறேன். சென்னைக்கு உயர்கல்வி நிலையம் வேண்டும் என்று 1839 நவம்பரில் கவர்னரிடம் ஒரு மனு கொடுக்கப்பட்டது. அரசின் தலைமை வழக்கறிஞராக (அட்வகேட் ஜெனரல்) இருந்த ஜார்ஜ் நார்ட்டன் முன்னின்று நடத்திய முயற்சி அது. மனுவில் கையெழுத்திட்டவர்கள் சுமார் 70,000 பேர். ரயில் வராத, தந்தி வராத காலத்தில் அத்தனை கையெழுத்துகள்! கல்வி எங்களுக்குக் கொடுக்கப்பட்டது என்று சொல்லுமுன், கேட்டு வாங்கியதும் உண்டு என்பதை நினைவில் வைக்க வேண்டும். அதன் பிறகும் 18 ஆண்டுகள் ஆயின. 1857 செப்டம்பர் 5 அன்று சட்டம் நிறைவேறி, அதே ஆண்டில் பிறந்த கல்கத்தா, பம்பாய் பல்கலைக்கழகங்களுக்குத் தங்கையாகச் சென்னைப் பல்கலைக்கழகம் வந்தது.

லண்டன் பல்கலைக்கழகத்தை முன்மாதிரியாகக் கொண்டதால் அன்று அது பாடம் நடத்தவில்லை. கல்லூரிகள் கற்பிக்கும், பல்கலைக்கழகம் தேர்வு வைத்துப் பட்டம் கொடுக்கும். வகுப்பறைகள் தேவைப்படாத அமைப்பு. ஆனால் அதன் ஆட்சிமன்றமான செனட் கூடுவதற்கு ஓர் அவை வேண்டும். நூற்றுக்கணக்கானவர்கள் உட்கார்ந்து தேர்வு எழுதவும், பட்டமளிப்பு விழா நடத்தவும் பெரிய கூடம் வேண்டும். செனட் ஹவுஸின் வடிவத்தைப் புரிந்துகொள்ள இந்த ஒன்று போதும். அறைகளை அடுக்கிய கட்டடமாக இல்லாமல் ஒரே ஒரு மாபெரும் கூடத்தைச் சுற்றித் தாழ்வாரங்களும் கோபுரங்களும் அணைத்து நிற்பது இதனால்தான்.

அந்தக் கூடம் வருவதற்கு முன்பே பட்டங்கள் வழங்கப்பட்டுவிட்டன. முதல் பட்டதாரிகள் இருவரும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள்: சி. வை. தாமோதரம்பிள்ளையும் அவருடைய ஆசிரியரான விசுவநாதபிள்ளையும். தாமோதரம்பிள்ளை பிற்பாடு தொல்காப்பிய உரைகளையும் 1887-இல் கலித்தொகையையும் அச்சேற்றினார். ஆங்கிலத்தில் தேர்வு எழுதிப் பட்டம் பெற்ற முதல் தலைமுறையிலேயே ஒருவர் ஏட்டுச் சுவடிகளைத் தேடிப் போனார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

இனி கட்டடக் கலைஞர். ராபர்ட் ஃபெலோஸ் சிஷோம். 1840-இல் பிறந்தவர். மாநிலக் கல்லூரிக்கும் செனட் ஹவுஸுக்கும் வரைபடம் கேட்டு 1864-இல் அரசு போட்டி அறிவித்தபோது அவர் வங்காளத்தில் இருந்தார். வயது 24. போட்டியில் வென்று சென்னைக்கு வந்தார். முதலில் எழுந்தது மாநிலக் கல்லூரி. 1870-இல் அது திறக்கப்பட்டது. இத்தாலியப் பாணியில் அமைந்த, அமைதியான, ஒழுங்கான கட்டடம் (உச்சியில் இப்போது நாம் காணும் கடிகாரம் 1940-இல் வந்தது). செனட் ஹவுஸ் அதற்குப் பிறகு, 1874-இல் தொடங்கி 1879-இல் முடிந்தது.

இந்த இரண்டையும் ஒரே நடையில் பார்க்க வேண்டும் என்று நான் எல்லோரிடமும் சொல்வதுண்டு. கடற்கரைச் சாலையில் மாநிலக் கல்லூரி வாசலில் தொடங்கி வடக்கே நடந்தால் சில நிமிடங்களில் செனட் ஹவுஸ் வந்துவிடும். இரண்டும் ஒருவரே வரைந்தவை என்று சொன்னால் நம்புவது கடினம். முதல் கட்டடம் ஐரோப்பாவில் எங்கேயும் இருக்கலாம். இரண்டாவதை இந்தியாவை விட்டு வேறு எங்கும் கற்பனை செய்ய முடியாது. இடைப்பட்ட பத்தாண்டுகளுக்குள் ஓர் இளைஞர் எதைக் கண்டு இப்படி மாறினார்?

விடை அந்த இரண்டு கட்டடங்களுக்கும் நடுவில் இருக்கிறது: சேப்பாக்கம் அரண்மனை. ஆர்க்காட்டு நவாப் முகம்மது அலி வாலாஜா 1760-களில் கட்டிக்கொண்டது. 1855-இல் கடைசி நவாப் வாரிசு இல்லாமல் இறந்ததும் கம்பெனி ஆட்சியினர் அரண்மனையைக் கைப்பற்றி அலுவலகங்களாக மாற்றினார்கள். கல்சா மகால், ஹுமாயூன் மகால் என்ற இரண்டு பகுதிகளையும் இணைக்க நடுவே ஒரு கோபுரம் கட்டும் பொறுப்பு சிஷோமுக்கு வந்தது. பழைய கட்டடத்தோடு ஒட்டி நின்று புதிதாகக் கட்டுபவனுக்கு வேறு வழியில்லை. பழையதின் அளவுகளைக் கையால் எடுத்தே ஆக வேண்டும். வளைவு எங்கே தொடங்குகிறது, தூணின் பருமன் என்ன, சுவரின் கனம் என்ன, கைப்பிடிச் சுவரை எப்படி முடித்திருக்கிறார்கள் என்று ஒவ்வொன்றாக வரைந்து பார்க்க வேண்டும். அப்படி வரைந்த கை மறுபடி பழைய மாதிரி வரையாது. நானே பழைய கட்டடங்களை அளந்தவன் என்பதால் இதைத் துணிந்து சொல்கிறேன்.

அடுத்து மதுரை. சிதிலமடைந்து கிடந்த திருமலை நாயக்கர் மகாலைப் பழுதுபார்க்க 1866 முதல் 1872 வரை கவர்னராக இருந்த நேப்பியர் பிரபு உத்தரவிட்டார். அந்த வேலையிலும் சிஷோம் இருந்தார். கட்டி அணைக்க முடியாத அந்தப் பெரிய தூண்களை உயரத்தில் வளைவுகள் இணைக்கின்றன. அந்த வளைவுகள் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும். 17-ஆம் நூற்றாண்டுத் தமிழ்நாட்டுக் கொத்தனார்கள் செங்கல்லையும் காரையையும் கொண்டு எவ்வளவு உயரம் போவார்கள் என்பதைச் சிஷோம் அங்கே பார்த்திருக்கிறார். நேப்பியரும் 1870-இல் சென்னையில் ஆற்றிய உரையில், இந்தியாவில் எழும்பும் அரசுக் கட்டடங்கள் இந்த மண்ணின் இஸ்லாமியக் கட்டடக் கலையைப் பின்பற்றலாம் என்று வாதாடினார். மேலிடத்தின் ஆதரவும் கைவேலையின் அனுபவமும் சேர்ந்து உருவானதுதான் பிற்காலத்தில் இந்தோ-சாரசெனிக் என்று பெயர் பெற்ற பாணி. அதன் ஆரம்பகாலச் சிறந்த மாதிரிகளில் செனட் ஹவுஸ் ஒன்று.

பெயர் ஒன்றாக இருந்தாலும் உள்ளே பல ஊர்களின் சரக்கு கலந்திருக்கிறது. நான்கு மூலைகளிலும் குவிமாடம் தாங்கிய கோபுரங்கள் எழுகின்றன. வளைவு வரிசைகளில் கிழக்கு ரோமப் பேரரசின் பாணியான பைசாண்டியத்தின் சாயல் தெரியும். வடக்கிலும் தெற்கிலும் பக்கத்துக்கு ஆறாகப் பெரிய கல் தூண்கள் வரிசை கட்டி நிற்கும். தூண்களின் தலைப்பகுதியில் நெருக்கமான செதுக்கு வேலை. அங்கே போனால் நிழலுக்குள் போய்விட்டு உடனே திரும்பிவிடாதீர்கள். ஒரு தூணின் கீழே நின்று தலையை உயர்த்தி, உத்திரத்தைத் தாங்கும் இடத்தில் உளி எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று பாருங்கள். தரையிலிருந்து அந்த ஆழம் தெரியவே தெரியாது. காலை வெயில் கடல் பக்கமிருந்து சாய்ந்து விழும் வேளையில் மட்டும் பள்ளமும் மேடும் பிரிந்து ஒவ்வொரு இதழும் தனியாக எழுந்து வரும். யாரும் பார்க்க மாட்டார்கள் என்று தெரிந்த இடத்திலும் கல்தச்சர் வேலையைக் குறைக்கவில்லை.

உள்ளே இருப்பது பெருங்கூடம். சுமார் 130 அடி நீளம், 58 அடி அகலம், 50 அடிக்கும் மேற்பட்ட உயரம். இரும்புச் சட்டங்களும் கான்கிரீட்டும் பழகிய நம் காலத்தில் இந்த எண்கள் பெரிதாகத் தோன்றாமல் போகலாம். 1870-களில் நடுவே ஒரு தூண்கூட இல்லாமல் 58 அடி அகலத்தை மூடுவது எளிய வேலை அன்று. கூரையின் பாரத்தைத் தடித்த சுவர்கள் வாங்கிக்கொள்கின்றன. அந்தச் சுவர்கள் வெளியே சாயாமல் பக்கத் தாழ்வாரங்களின் வளைவுகள் முட்டுக் கொடுக்கின்றன. மூலைக் கோபுரங்களின் கனமும் கட்டடத்தை இறுக்கிப் பிடித்திருக்கிறது என்பது என் கணக்கு. அழகுக்கு வைத்தது என்று தோன்றுகிற ஒவ்வொன்றும் ஏதோ ஒரு பாரத்தைச் சுமந்துகொண்டிருக்கிறது. உயரமும் வீண் அன்று. மின்விசிறி இல்லாத காலத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் கூடும் கூடத்தில் வெப்பக் காற்று மேலே ஏறிப் போக இடம் வேண்டும். உயரத்தில் வண்ணக் கண்ணாடி பதித்த சன்னல்கள் இருக்கின்றன. அவற்றின் வழியே வரும் வெளிச்சம் கண்ணைக் கூசச் செய்யாது.

கட்டுமானம் நடந்த ஆண்டுகளைத் திரும்பவும் பாருங்கள்: 1874 முதல் 1879 வரை. இடையில் 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைத் தாது வருடப் பஞ்சம் பிடித்தாட்டியது. லட்சக்கணக்கானோர் மடிந்தார்கள். பஞ்ச நிவாரண வேலைக்கு வந்த ஆண் ஒருவனுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சில்லறைக் காசும் போதும் என்று இந்திய அரசு அனுப்பிய பஞ்ச அதிகாரி சர் ரிச்சர்ட் டெம்பிள் 1877-இல் கூலியைக் குறைத்தார். அதை எதிர்த்து வாதாடியவர் மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ். அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் கால்வாய் 1877-78-இல் அந்தப் பஞ்சப்பட்ட மக்களைக் கொண்டு வெட்டப்பட்டதுதான். அப்போதைய கவர்னர் பக்கிங்ஹாம் பிரபுவின் பெயர் அதற்கு வந்தது. இன்று பறக்கும் ரயிலில் சேப்பாக்கம் நிலையத்தில் இறங்குபவர்கள் கருத்த நீராகக் காண்பது அதுவே. நிலையத்திலிருந்து வாலாஜா சாலை வழியாகக் கிழக்கே கொஞ்ச தூரம் நடந்தால் செனட் ஹவுஸ். ஒரு பக்கம் மண்வெட்டியோடு பசித்தவர்கள். மறுபக்கம் தூண் தலைப்பில் இலை கொடி செதுக்கியவர்கள். இரண்டு வேலையும் ஒரே சமயத்தில், ஒன்றன் சத்தம் மற்றொன்றுக்குக் கேட்கும் தூரத்தில் நடந்தன. இந்தக் கட்டடத்தின் அழகைப் பற்றி எழுதும்போது கால்வாயையும் சேர்த்து எழுதாமல் இருக்க எனக்கு மனம் வருவதில்லை.

பல்கலைக்கழகத்தின் வரலாற்றை முழுவதும் சொல்ல இங்கே இடமில்லை. ஓரிரு முகங்களை மட்டும் சொல்கிறேன். 1911-இல் மாநிலக் கல்லூரியில் படித்து இந்தப் பல்கலைக்கழகத்தின் பட்டம் பெற்றார் சகோதரி சுப்புலட்சுமி. குழந்தைப் பருவத்திலேயே கணவனை இழந்தவர். இதே கடற்கரையில் தெற்கே சற்றுத் தள்ளி நிற்கும் ஐஸ் ஹவுஸில் அவர் இளம் விதவைகளுக்கு விடுதி நடத்திப் பள்ளிக்கும் கல்லூரிக்கும் அனுப்பினார். துறைமுக அலுவலகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் குமாஸ்தாவாக இருந்த ராமானுஜனுக்கு 1913-இல் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்ததும் இந்தப் பல்கலைக்கழகமே. பட்டப்படிப்பில் தேறாதவருக்கு விதியைத் தாண்டி அப்படி ஓர் உதவியைக் கொடுக்கத் துணிந்தவர்களை வணங்க வேண்டும். ஏட்டுச் சுவடிகளோடு வாழ்ந்த உ. வே. சாமிநாதையருக்கு 1932-இல் டாக்டர் பட்டம் வழங்கியதும் இதுவே. மைசூர், ஆந்திரா, அண்ணாமலை, திருவிதாங்கூர் என்று தென்னாட்டில் பிறகு எழுந்த பல்கலைக்கழகங்கள் எல்லாம் ஏதோ ஒரு வகையில் இதன் எல்லைக்குள்ளிருந்து பிரிந்தவை.

இன்னொரு செய்தி பலருக்குத் தெரிவதில்லை. இந்தக் கூடம் சட்டமன்றமாகவும் இருந்தது. 1935-ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டத்தின்படி தேர்தல் நடந்து, 215 உறுப்பினர்கள் கொண்ட சட்டமன்றம் உருவானபோது அத்தனை பேரும் உட்கார ஓர் இடம் தேவைப்பட்டது. 1937 ஜூலை 14 அன்று செனட் ஹவுஸில் அவை கூடியது. ராஜாஜி முதலமைச்சர், புலுசு சாம்பமூர்த்தி சபாநாயகர். அந்த ஆண்டு டிசம்பர் வரை அவை இங்கேதான் நடந்தது. சேலம் மாவட்டத்தில் 1937 அக்டோபர் 1 முதல் மதுவிலக்கைக் கொண்டுவந்த சட்டம் விவாதிக்கப்பட்டது இந்தக் கூரையின் கீழ். 1938 ஜனவரியில் அவை இன்று ராஜாஜி மண்டபம் எனப்படும் இடத்துக்குப் போயிற்று. தேர்வு எழுதுபவர்களின் மௌனத்துக்காகக் கட்டிய கூடம் விவாதத்தின் சத்தத்தையும் தாங்கியது.

பின்னர் வந்த கதை நம் ஊரின் பல பழைய கட்டடங்களுக்கு உரியது. வளாகத்தில் புதிய கட்டடங்கள் வந்தன. நூலகத்துக்கு 1936-இல் தனிக் கட்டடம் கிடைத்தது, எஸ். ஆர். ரங்கநாதன் நூலகராக இருந்து நூலக அறிவியலையே மாற்றி எழுதிய காலம் அது. நூற்றாண்டு மண்டபம் எழுந்த பிறகு பட்டமளிப்பு விழாவும் அங்கே போய்விட்டது. விழா போனால் துடைப்பம் போகும். துடைப்பம் போனால் அரசமரக் கன்று முளைக்கும். செனட் ஹவுஸ் பல ஆண்டுகள் பராமரிப்பின்றிக் கிடந்தது. பல்கலைக்கழகத்தின் 150-ஆம் ஆண்டு நெருங்கியபோதுதான் அறக்கட்டளை அமைத்து நிதி திரட்டிப் பெரிய அளவில் புதுப்பித்தார்கள். வண்ணக் கண்ணாடிகள் மீண்டும் ஒளி பெற்றன. அதற்காக உழைத்த அனைவருக்கும் சென்னைவாசி ஒவ்வொருவரும் நன்றி சொல்ல வேண்டும்.

சுண்ணாம்பைப் பற்றிப் பேசாமல் இந்தப் பதிவை என்னால் முடிக்க முடியாது. சென்னையில் பழைய காலத்துக் கட்டடங்களுக்குக் கிளிஞ்சலைச் சுட்டு எடுத்த சுண்ணாம்பு பயன்பட்டது. அதைத் தண்ணீரில் நீற்றி, வாரக்கணக்கில் ஊறவைத்து, மணல் சேர்த்துச் செக்கில் அரைப்பார்கள். கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைக் கலப்பார்கள். மேல்பூச்சுக்கு அம்மியில் அரைத்த வெள்ளைச் சுண்ணாம்பு, முட்டையின் வெண்கரு. பூசிய பிறகு வழவழப்பான கல்லால் தேய்த்துத் தேய்த்துப் பளபளக்க வைப்பார்கள். பளிங்கு என்று நினைத்து ஏமாந்த ஐரோப்பியப் பயணிகள் அதைப் பற்றி வியந்து எழுதியிருக்கிறார்கள். நான் இளம் பொறியாளனாக இருந்தபோது எங்கள் வேலைத்தளத்துக்கு வரும் முதிய கொத்தனார் ஒருவர் காரையைக் கரண்டியில் எடுத்துத் தலைகீழாகக் கவிழ்ப்பார். விழாமல் ஒட்டி நின்று, கரண்டியை உதறினால் மட்டும் வெண்ணெய் போல வழுகி வர வேண்டும். அப்படி வராவிட்டால், “இன்னும் இரண்டு நாள் ஊறட்டும், ஐயா. அவசரப்பட்டால் சுவர் ஏற்காது” என்று சொல்லிவிட்டு அன்று வேறு வேலை பார்க்கப் போய்விடுவார். ஒப்பந்தக்காரர் கத்தினாலும் அசைய மாட்டார்.

அவர் சொன்னதன் பின்னால் இருக்கும் வேதியியலை நான் பிறகு புத்தகத்தில் படித்தேன். நீற்றிய சுண்ணாம்பு காற்றிலிருக்கும் கரியமில வாயுவை மெல்ல மெல்ல உறிஞ்சி மறுபடி சுண்ணாம்புக் கல்லாக மாறுகிறது. ஆண்டுக்கணக்கில் நடக்கும் வேலை அது. சுவருக்குள் ஏறும் ஈரத்தை அது வெளியேயும் விடும். கடலோரத்தில் இந்தக் குணம் உயிர்நாடி. மழைக்காலத்தில் செங்கல் குடித்த நீர் கோடையில் காரையின் நுண்துளைகள் வழியே வெளியேறிவிடும். கூடவே உப்பும் மேற்பரப்புக்கு வந்து உதிர்ந்துவிடும். அதே சுவரின் மேல் சிமெண்டைப் பூசினால் ஈரம் உள்ளேயே அடைபடும். உப்பு செங்கல்லுக்குள்ளேயே படிகமாக வளர்ந்து அதைப் பொடியாக்கும். வேறோர் ஊரில் ஒரு பழைய கட்டடத்துக்கு நல்லெண்ணத்தோடு சிமெண்டுப் பூச்சு பூசியிருந்தார்கள். சில மழைக்காலங்களுக்குப் பிறகு அந்தப் பூச்சு பலகையாகக் கழன்று விழுந்தது. அதன் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். பழைய செங்கல்லின் முகம் ஒரு விரல் கனத்துக்கு அதோடு ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. நூறு வருடத்துச் செங்கல் அது. விரலால் தேய்த்தாலே சிவப்புப் பொடியாக உதிர்ந்தது. சிமெண்டு மோசமான பொருள் அன்று. அந்தச் சுவருக்கு அது பொருந்தாது, அவ்வளவே.

2012 ஜனவரியில் கல்சா மகால் தீப்பிடித்து எரிந்தபோது அது இடிக்கப்பட்டுவிடுமோ என்று நாங்கள் பலர் கலங்கினோம். நல்ல வேளையாக மீட்டெடுக்க முடிவு செய்தார்கள். கடுக்காயும் வெல்லமும் மீண்டும் சேப்பாக்கத்துக்கு வந்தன. இளம் பொறியாளர்கள் சுண்ணாம்பு அரைக்கும் பக்குவத்தைக் கொத்தனார்களிடம் கற்றுக்கொண்டார்கள். சிஷோம் சென்னைக் கலைப் பள்ளியின் தலைவராகவும் இருந்தவர். ஊர்க் கைவினைஞரின் திறமையை மதித்தவர். 1880-இல் முடிந்த திருவனந்தபுரம் நேப்பியர் அருங்காட்சியகத்திலும், பிற்பாடு பரோடாவில் எழுப்பிய கல்லூரியின் பெரிய குவிமாடத்திலும் அந்த மதிப்பைப் பார்க்கலாம்.

அந்தக் கலைப் பள்ளிக்கு 1929-இல் தலைமை ஏற்றவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. பாறையை நெம்பி நகர்த்தும் நான்கு பேரை அவர் வடித்த உழைப்பாளர் சிலை 1959 முதல் செனட் ஹவுஸுக்கு எதிரே, கடற்கரைப் பக்கம் நிற்கிறது. ஒரே பள்ளியின் தலைவர்களாக இருந்த இருவரின் படைப்புகள் ஒரு சாலையின் இரு பக்கமும் நிற்கின்றன. சிலைக்கு முன்னால் படம் எடுத்துக்கொள்பவர்கள் ஒருமுறை திரும்பி மேற்கே பார்த்தால் நல்லது.

செனட் ஹவுஸைக் கட்டியவர் சிஷோம் என்று எழுதுகிறோம். எழுத வேண்டியதுதான். ஆனால் சாரம் கட்டியவர்கள், சுண்ணாம்பு அரைத்த பெண்கள், வளைவுக்கு முட்டு நிறுத்தி நடுக்கல்லை இறக்கிய கொத்தனார்கள், கல்தச்சர்கள், மேஸ்திரிகள் என்று ஒரு பெருங்கூட்டம் ஐந்தாண்டுகள் அங்கே வேலை செய்திருக்கிறது. எந்தக் காலத்திலும் பொதுப்பணித் துறை கணக்கு எழுதாமல் கூலி கொடுத்ததில்லை. அந்தக் காலத்து நடவடிக்கைத் தொகுதிகள் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. வரலாறு படிக்கும் மாணவர்கள் யாராவது 1874 முதல் 1879 வரையிலான தொகுதிகளை எடுத்துக்கொண்டு உட்கார வேண்டும் என்பது என் ஆசை. எந்தச் சூளையின் செங்கல், எத்தனை வண்டிக் கிளிஞ்சல், எந்த மேஸ்திரியின் கீழ் எத்தனை பேர் என்று தேட வேண்டும். ஒரே ஒரு மேஸ்திரியின் பெயர் கிடைத்தாலும் அதைத் தமிழில் ஒரு பலகையில் எழுதி அந்தத் தெற்குத் தாழ்வாரத்தில் வைக்கச் சொல்லிப் பல்கலைக்கழகத்திடம் கேட்கலாம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு வேளையாவது பெருங்கூடத்தைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடலாம் என்பது இன்னொரு வேண்டுகோள். கடற்கரைக்கு வரும் குடும்பங்களில் பாதிப் பேருக்கு உள்ளே இப்படி ஒரு கூடம் இருப்பதே தெரியாது. அவர்களின் பிள்ளைகள்தான் நாளைக்கு இந்தப் பல்கலைக்கழகத்தின் தேர்வை எழுதப் போகிறவர்கள்.

ஆவணக் காப்பகத்துக்குப் போகத் தயாராக இருக்கும் மாணவர்கள் எனக்கு எழுதுங்கள். பழைய மதிப்பீடுகளில் வரும் துறைச் சொற்களும் அளவு முறைகளும் முதலில் மிரட்டும். கன அடிக் கணக்கையும் வளைவு வேலைக்கான தனி விகிதத்தையும் படிக்கப் பழகிவிட்டால் பிறகு சிரமமில்லை. பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க எனக்கு நேரம் இருக்கிறது.